நிரந்தரமோ எண்டு கேளுங்கோ

நிரஞ்சலாவுக்கு வருடத்தில் ஒரு கோப மாதம் உண்டு. அது பெப்ரவரி. மெல்பேர்னில் மற்றவர்கள் வெயில் தாங்காமல் கடற்கரைக்கு ஓடும் அந்த மாதத்தில்தான், இந்தத் தவணைக்கு உனக்கு வேலை உண்டா இல்லையா என்று பல்கலைக்கழகம் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பும். வகுப்புத் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போதுதான் அனுப்பும். முந்தி அனுப்பினால் கை சுளுக்கிவிடும் போலும். "அன்புள்ள நிரா" என்று அது தொடங்கும். பெயரில் பாதியைத் தாங்களே வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சப் பாதிக்கு அன்பு தெரிவிப்பார்கள்.

அவள் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவள். வயது முப்பத்தேழு. பட்டம் வாங்கிய அதே துறையில், முதலாம் வருட மாணவர்களுக்கு ஆய்வுகூடத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்கிறாள், மணித்தியாலக் கணக்கில், தவணைக்குத் தவணை ஒப்பந்தத்தில். கூரை ஒழுகினால் கூப்பிடுகிற ஆளைப் போல, கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும். கூரைக்காரனுக்காவது மழை என்று ஒன்று நிச்சயம்.

குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. அப்பா வலன்ரைன் மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா மாக்கிறேட் முதியோர் இல்லமொன்றில் சமைத்தார். ஒரே பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி என்றதும் சொந்தபந்தம் முழுவதும் கூடி, அவளை மருத்துவம் படிக்க வைப்பதென்று முடிவெடுத்தது. அவளுக்கு அதற்குப் போதுமான புள்ளிகளும் வந்தன. அவளோ பௌதிகவியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அன்ரிமார் ஆளுக்காள் கேட்டார்கள், "பௌதிகவியலோ? அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று. அவர்கள் மீது அவளுக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி என்பதுதான் இன்றுவரை அவளால் பொறுக்க முடியாத விஷயம்.

ஆனால் அவள் அங்கே போனது வேலைக்காக அல்ல. சில உலோகக் கலவைகளைக் குளிர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மின்சாரத்துக்கு இருந்த தடை திடீரென்று இல்லாமல் போகும். குறைவதல்ல, இல்லாமலே போவது. திரையில் தடையைக் காட்டும் கோடு மளாரென்று விழுந்து பூச்சியத்தில் கிடப்பதை முதல்முறை பார்த்த அன்று, ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. அவள் அழுதுவிட்டாள். அந்தக் கோட்டின் பின்னால்தான் அவளுடைய இருபதுகள் முழுவதும் போயின.

பட்டம் கிடைத்தபோது டண்டினொங்கில் ஹோல் எடுத்து, மண்டபம் நிறைந்த சனத்தோடு கொண்டாடினார்கள். பட்ட அங்கியோடு அவள் நிற்கும் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து, "கலாநிதி நிரஞ்சலா வலன்ரைன்" என்று பொன்னெழுத்தில் போட்டு மேடையில் தொங்கவிட்டார்கள். சுவாமியார் ஆசீர்வதித்தார். கேக் வெட்டினார்கள். நிகழ்ச்சியை நடத்திய கல்யாணசுந்தரம் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எங்கட பிள்ளை இப்ப யூனிவேர்சிற்றி லெக்சரர் என்று அறிவித்தார். யார் அவருக்குச் சொன்னது என்று தெரியாது. சபை கைதட்டியது. அப்பா கண்ணைத் துடைத்தார். அந்த நேரத்தில் எழும்பி, இல்லை அங்கிள், அப்படியொன்றுமில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்? அவள் சொல்லவில்லை. அந்தப் படம் இன்னும் வீட்டுக் கராஜில் சுருட்டிக் கிடக்கிறது.

உண்மையில் விரிவுரையாளராவதற்கு ஒரு வழி இருந்தது. பட்டம் முடித்தவர்கள் வெளிநாடு போய், இரண்டு வருடம் ஒரு நாட்டில், மூன்று வருடம் இன்னொரு நாட்டில் என்று ஆராய்ச்சி செய்து, கட்டுரைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பவேண்டும். திரும்பினாலும் வேலை இருக்குமென்று இல்லை, ஆனால் போகாதவர்களுக்கு நிச்சயமாக இல்லை. நிரஞ்சலாவுக்குப் பின்லாந்தில் இடம் கிடைத்தது. பெட்டி அடுக்கிய கிழமை அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆறு மாதம் தவணை கேட்டாள். பின்லாந்துக்காரர் அனுதாபம் தெரிவித்துவிட்டு இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள்.

துறைத் தலைவர் பேராசிரியர் கிரேம் அப்போது அவளைக் கதிரையில் இருத்திவைத்து, கல்வித்துறையில் முன்னேற விரும்புகிறவர்கள் நாடு விட்டு நாடு போகத் தயாராக இருக்கவேண்டும் என்று மென்மையாக விளக்கினார். மனைவி வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று நாடுகளுக்கு அவருக்குப் பின்னால் அலைந்தபடியால் அவருக்கு அது இலகுவாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக இன்றைக்கும் குசினியில் பாத்திரம் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பிறகு வங்கிகளுக்கு விண்ணப்பித்தாள். படிப்புக் கூடிவிட்டது என்றார்கள். பாடசாலையில் படிப்பிக்கலாமென்றால் அதற்கு வேறு படிப்புப் படிக்கவேண்டும் என்றார்கள். அப்போதுதான் கிரேம், முதலாம் வருட ஆய்வுகூடத்தைக் கொஞ்சக் காலம் பார்த்துக்கொள்கிறாயா, அதற்கு ஒரு நிரந்தரப் பொறுப்பாளர் பதவி வரப்போகிறது, அடுத்த வருடமே வரலாம் என்றார். அந்த அடுத்த வருடம் வந்தது, போனது, அதற்கடுத்ததும் வந்தது, போனது. இலவு காத்த கிளி கூட இத்தனை பருவம் காத்திருக்காது.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பழைய செய்முறைகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுதினாள். முதல் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் சொல்வாள். எடுத்த அளவு பிழையென்று தெரிந்தால் அதை அழிக்கக்கூடாது. அழிறப்பரை அவள் ஆய்வுகூடத்துக்குள் விடுவதே இல்லை. பிழையை ஒரே கோட்டால் வெட்டவேண்டும், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், கீழே சரியானதை எழுதிப் பெயரின் முதலெழுத்தையும் திகதியையும் போடவேண்டும். இதில் அவள் இரக்கம் பார்த்தது கிடையாது. திகதி போடாதவர்களுக்குப் புள்ளியை வெட்டிவிடுவாள்.

அப்படிப் புள்ளி வெட்டுப்பட்டவர்களில் ஒருத்திதான் வினுஷா. டண்டினொங் பக்கத்துப் பிள்ளை. தாய் சிவனேஸ்வரி மரக்கறி வெட்டிப் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் நிற்கிறார். முதலாம் வருடத்தில் புள்ளி போனதற்காக வாதாட வந்தவள், மூன்றாம் வருடம் முடியப்போகிற இந்த ஓகஸ்டில், கலாநிதிப் பட்டம்வரை போவதென்று தீர்மானித்துவிட்டாள். ரயிலில் சந்தித்தபோது சொன்னாள், "உங்களைப் பாத்துத்தான் அக்கா. ஒரு தமிழ் வுமன் இங்க அக்கடமிக்கா இருக்கிறா எண்டா, ஐ கான் டூ இற் டூ."

நிரஞ்சலா சிரித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அந்த மாதக் கடைசியில் துறையில் ஒரு மாலை நிகழ்ச்சி. பட்டமேற்படிப்புக்கு ஆள் சேர்க்கும் நிகழ்ச்சி என்று நேரே சொல்லமாட்டார்கள். "பௌதிகவியல் உங்களை எங்கே கொண்டுபோகும்?" என்று அதற்குப் பெயர். பெற்றோரும் வரலாம். மண்டப வாசலில் பெரிய பதாகைகள் நின்றன. அவற்றிலொன்றில் நிரஞ்சலா. தடை போகும்வரை குளிர்த்திய தட்டின் மேல் காந்தம் அந்தரத்தில் மிதக்க, அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில் "கலாநிதி நிரா வலன்ரைன், பல்கலைக்கழகக் கல்வியாளர்" என்றிருந்தது. அதற்கும் கீழே, எங்களிடம் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தங்கள் துறையிலேயே வேலையில் இருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. அந்த ஒன்பது பேருக்குள் தானும் ஒருத்தி என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கிரேம் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். "இது சரியில்லை" என்று பதாகையைக் காட்டினாள்.

"ஏன், நீ பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாய்தானே?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு நல்ல செய்தி. ஆய்வுகூடப் பொறுப்பாளர் பதவிக்கு மேலிடம் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டது. பட்டமேற்படிப்புக்கு ஆட்கள் சேருகிற அளவைப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார்கள். இன்றைக்கு நன்றாகப் பேசு, நிரா. பதவி உனக்குத்தான்."

அவளுக்கு உள்ளங்கால் வரை சுட்டது. புதிதாக ஆள் பிடித்துக் கொடுத்தால் பழைய ஆளுக்குப் பங்கு தருகிற கூத்தை அவள் சனத்துக்குள்ளேயே பார்த்திருக்கிறாள். சீட்டுப் பிடித்தவன் ஊரை விட்டு ஓடியபோது எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்றும் தெரியும். அந்தச் சீட்டுக்காரனையாவது தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இந்த மனிதர் பொய்கூடச் சொல்லவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

கோபம் ஒரு பக்கம் கிடக்க, ஆசை மறுபக்கம் பிடித்து இழுத்தது. அதையும் மறைப்பானேன்? நிரந்தரப் பதவி என்றால் பெப்ரவரி ஒரு சாதாரண மாதமாகிவிடும். அப்பாவுக்கு வீட்டில் ஒரு தாதியை ஒழுங்கு செய்யலாம். கல்யாணசுந்தரம் அங்கிள் எட்டு வருடத்துக்கு முன் சொன்னது கொஞ்சமாவது உண்மையாகும்.

மேடையில் அவள் காந்தத்தைப் பற்றி மட்டும் பேசினாள். தடை இல்லாமல் போன அந்த நாளைச் சொன்னாள். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு வசனமும் உண்மை. முன்வரிசையில் வினுஷா கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பலமாகக் கைதட்டினார்கள். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது, அவளுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

பேச்சு முடிந்து எல்லோரும் தேத்தண்ணி மேசைக்கு வந்தார்கள். சிவனேஸ்வரி தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தார். சப்பாத்துக் கூட மாற்றவில்லை. ஒரு கையால் வினுஷாவை இழுத்துக்கொண்டு கிரேமுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு நிரஞ்சலாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தப் பெரியவரிட்டை ஒரு விஷயம் கேக்கோணும். நீங்கள் ஒருக்கா இங்கிலீசிலை சொல்லிவிடுங்கோ. இவள் சொன்னா தனக்கு ஏத்த மாதிரித்தான் மாத்திச் சொல்லுவாள்."

"அம்மா, ப்ளீஸ்," என்றாள் வினுஷா.

"நீ சும்மா இரு. பிள்ளை, இவள் இந்தப் பிஎச்டியைப் படிச்சு முடிச்சா உங்களை மாதிரி இங்க வேலை கிடைக்குமோ? கிடைச்சா அது நிரந்தரமோ எண்டு கேளுங்கோ."

கிரேமுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "நீ மொழிபெயர்க்கிறாயா நிரா? அருமை" என்றார். துறையின் படப்பிடிப்பாளன் ஓடிவந்து நாலு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அடுத்த வருடப் பதாகைக்கு ஆகும்.

நிரஞ்சலா கேள்வியை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கிரேம் இரண்டு கைகளையும் விரித்து நீளமாகப் பதில் சொன்னார். பாதைகள் பல என்றார். இது ஒரு பயணம் என்றார். இந்தப் பட்டம் திறக்காத கதவுகள் இல்லை என்றார்.

"பாதைகள் கனக்க இருக்காம், அன்ரி. கதவுகள் திறக்குமாம்," என்றாள் நிரஞ்சலா. ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் எவ்வளவு அழகாக நின்றன. தமிழில் எடுத்து வைத்ததும் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிட்டது.

"எந்தக் கதவு?"

"அது சொல்லேல்லை."

"நிரந்தரமோ எண்டதுக்கு என்ன சொன்னவர்?"

"அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி."

"அப்ப இன்னொருக்காக் கேளுங்கோ," என்றார் சிவனேஸ்வரி. மரக்கறிக் கடையில் பழுதானதை அடியில் வைத்துக் கட்டுகிறவனை எத்தனையோ முறை பார்த்த மனிசி.

இன்னொருமுறை கேட்டாள். கிரேம் இம்முறை சுருக்கமாகச் சொன்னார். "நிராவையே பாருங்கள் என்று சொல். இங்கேதான் படித்தாள், இங்கேயேதான் இருக்கிறாள். இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை." சொல்லிவிட்டு அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பதவியைப் பற்றித்தான் அந்தத் தலையசைப்பு.

நிரஞ்சலா "ஓம் அன்ரி, நிரந்தரம்" என்று சொன்னால் போதும். கிரேமுக்குத் தமிழ் தெரியாது. வினுஷாவுக்குத் தெரியும், ஆனால் அவள் கேட்க விரும்புவதும் அதுதான். தாய் சம்மதிப்பார், பிள்ளை சேர்வாள், கணக்கில் ஒன்று கூடும். பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளை இதே இடத்தில் யாரோ ஒரு தாய்க்கு இதையே மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்னைத்தான் உதாரணமாச் சொல்லுறார், அன்ரி."

"நல்லது. அப்ப உங்கட வேலை நிரந்தரம்தானே?"

"இல்லை."

சிவனேஸ்வரி வினுஷாவின் கையை விட்டார்.

"எனக்கு நிரந்தர வேலை இல்லை, அன்ரி. ஒரு நாளும் இருக்கேல்லை. ஒவ்வொரு தவணையும் கூப்பிட்டாத்தான் வேலை. அடுத்த வருஷம் கூப்பிடுவினமோ எண்டு எனக்கே தெரியாது. நான் லெக்சரர் இல்லை."

"ஹோலிலை அப்பிடித்தானே சொன்னவை? நானும் வந்து கேக் சாப்பிட்டனான்."

"சொன்னவை. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

என்ன நடக்கிறது என்று கிரேம் புன்னகையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் என்றால் இரண்டு பக்கத்துக்கும்தானே. நிரஞ்சலா அவர் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் வரிசை பிசகாமல் சொன்னாள். குரல் உயரவில்லை. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பெற்றோர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கிரேமின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

"இதை நாங்கள் பிறகு கதைப்போம், நிரா," என்றார்.

"என் பெயர் நிரஞ்சலா," என்றாள் அவள். அந்தப் பிறகு என்பது பெப்ரவரி என்று அவளுக்குத் தெரியும். வரும் பெப்ரவரியில் மின்னஞ்சல் வராது. யாரும் அவளை வேலையிலிருந்து நீக்கவும் மாட்டார்கள், நீக்குவதற்கு அவளுக்கு ஒரு வேலை இருந்ததே இல்லை.

அவள் வாசலுக்குப் போனாள். அங்கே இன்னும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பதாகையைச் சரித்துவிடலாம் போலிருந்தது, கிழித்துவிடலாம் போலிருந்தது. கைப்பைக்குள் கையை விட்டபோது ஆய்வுகூடத்தில் சாடிகளுக்குப் பெயரெழுதும் கறுப்புப் பேனை அகப்பட்டது. "பல்கலைக்கழகக் கல்வியாளர்" என்பதை ஒரே கோட்டால் வெட்டினாள். வெட்டிய சொற்கள் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தன. கீழே எழுதினாள்: "மணித்தியாலக் கணக்கில் செய்முறை காட்டுபவர். ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது." ஆங்கிலத்தில்தான் எழுதினாள், வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும் என்று. "நிரா" என்பதையும் வெட்டி முழுப் பெயரை எழுதினாள். பெயரின் முதலெழுத்தைப் போட்டாள்.

பின்னால் வினுஷா வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. நன்றி சொல்ல வந்த முகமல்ல அது.

"மூண்டு வருஷம், அக்கா. முதல் வருஷம் கிழமைக்கொருக்கா உங்கட லாபிலை நிண்டனான். ரெயினிலை பக்கத்திலை இருந்து வந்தனான். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்தானே?"

நிரஞ்சலா பேனையோடு திரும்பினாள்.

"நான் சேருவன், சேரமாட்டன், தட்ஸ் மை டிசிஷன். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். அவர் சொல்லேல்லை எண்டு எனக்குக் கோவமில்லை. அவர் ஆள் பிடிக்கிறவர். நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"வெக்கம்," என்றாள் நிரஞ்சலா.

வினுஷா மன்னித்ததாகச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து சிவனேஸ்வரி, பஸ் போகப்போகுது, வா பிள்ளை என்று கூப்பிட்டார். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதாகையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்தாள்.

"திகதி போடேல்லை," என்றாள்.

நிரஞ்சலா குனிந்து திகதியைப் போட்டாள்.